காத்து வண்டியும் ஒரு காலி ஆணியும்

பயந்தால் கையை விட்டுவிட வேண்டும். காத்து வண்டிக்கு உள்ள ஒரே சட்டம் அதுதான். அதற்கு பிரேக் கிடையாது, மணி கிடையாது, ஏறி உட்கார ஒரு சீட்டு கூடக் கிடையாது. நாலு சக்கரம் வைத்த ஒரு பலகை, அதன் நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் படகுக்குக் கட்டுவதுபோல ஒரு பாய், பாயைப் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பி. பலகைமேல் நின்றபடி கம்பியைப் பிடித்துச் சாய்ந்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும். கம்பியை விட்டால் பாய் தரையில் விழும், வண்டி நாலடி உருண்டு நின்றுவிடும். இதை என் பதினேழு வயது மகள் ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் பயந்து எதையும் விட்டதில்லை. பயந்தால் பிடித்துக்கொள்கிற ரகம். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, யார் பல்லை யார் பிடுங்குவது என்றே தெரியாமல் செய்தவன். வேலைக்குப் போகும் ரயில் ஒருநாள் பங்காருப்பேட்டை தாண்டிக் குலுங்கி நின்றபோது பக்கத்தில் நின்றவரின் டிபன் பையைப் பிடித்தேன். அவர் ஒயிட்ஃபீல்டில் இறங்கினார். பையோடு நானும் இறங்கினேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது முறை இழுத்ததில் பூட்டு தாழ்ப்பாளோடு கையில் வந்த நாளும் உண்டு.

ஆனால் ஊரில் எனக்கு வேறு பெயர். சபையில் கல்யாணம், ஐம்பதாவது பிறந்தநாள், கிறிஸ்துமஸ் மர விழா எதுவானாலும் மைக் என் கையில்தான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் வரிசை சிரிக்கத் தயாராகிவிடும். அந்த மைக்கையும் பயத்தில்தான் பிடித்திருக்கிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் வெளியே சொல்வதில்லை. வீட்டுக்குள் சொல்லாத நாள் இல்லை.

வண்டியைச் செய்தது அவளுடைய அண்ணன், என் மச்சான். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர்கள் குடும்பம் அந்த வேலைக்காக இந்த ஊருக்கு வந்தது. எங்கள் குடும்பம் தங்கச் சுரங்க வேலைக்காக வந்தது. சுரங்கம் மூடிப் பல வருடம் ஆன பிறகும் அவர் அதை மறக்கவில்லை. "நீங்க குழிக்குள்ள போன வம்சம் மாப்ளே, உங்களுக்கு வெளிச்சத்தப் பாத்தாலே பயம்" என்பார். வெளிச்சம், இருட்டு இரண்டுக்கும் நான் சமமாகப் பயப்படுபவன் என்பதை அவரிடம் விளக்கியதில்லை.

மகள் எங்கிருந்தோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை, ஈர மணலில் பாய் விரித்த பலகைகள் பறக்கின்றன. அவர் மூன்று முறை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீல் இன்னா சைஸு?" அவ்வளவுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பின்பக்கத்தில் அறுக்கிற சத்தமும் துளை போடுகிற சத்தமும் கேட்டன. நாலாவது ஞாயிறு தடிப்பான பிளைவுட் பலகை, தள்ளுவண்டிக்குப் போடுகிற காற்றடைத்த சின்ன டயர்கள், அலுமினியப் பைப்பில் கம்பம், எந்தப் பக்கமும் வளைகிற மாதிரி அதன் அடியில் ஒரு ரப்பர் மூட்டு என்று வண்டி தயார். பாய்க்கு சபையின் பழைய நற்செய்திக் கூட்ட ஃபிளெக்ஸ் பேனர். வெட்டித் தைத்ததில் தலைப்பு, தேதி, நேரம், பிரசங்கியாரின் முகம் எல்லாம் போய், அவர் ஆசீர்வதிக்கத் தூக்கிய வலது கை மட்டும் மிஞ்சியது. ஆளுயரத்துக்கு ஒரு உள்ளங்கை. எனக்கு அது ஆசீர்வாதமாகத் தெரியவில்லை. நில் என்று தடுக்கிற கையாகத்தான் தெரிந்தது.

எங்கள் ஊரில் காற்றை யாரும் ஆசையாகப் பார்ப்பதில்லை. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டிச் சாம்பல் நிறத்தில் மலை மலையாக நிற்கிறது. சைனைடு மேடு என்போம். ஆடி மாதம் காற்று கிளம்பினால் அந்த மாவும் கிளம்பும். ஜன்னலைச் சாத்து, துணியை எடு, இட்லி மாவை மூடு, வாயையும் மூடு. பிறந்ததிலிருந்து காற்றுக்கு நாங்கள் செய்கிற மரியாதை இதுதான். கொடியில் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே, இன்னும் எத்தனை நேரத்தில் வாசலுக்குத் தூசி வரும் என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட ஊரில், எல்லோரும் கதவைச் சாத்துகிற நேரம் பார்த்து என் மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக ஆரம்பித்தாள்.

போன இடம் மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கிற பழைய ஃபுட்பால் மைதானம். ஒரு கோல் கம்பம்தான் பாக்கி. தரை சிமெண்ட் மாதிரி இறுகிப்போனது, சக்கரத்துக்குத் தோது. மைதானத்தின் மேற்கு ஓரம் ரோட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். சரிவு முழுக்க உண்ணிச்செடிப் புதர். கிழக்கு ஓரம் முள்வேலி, வேலிக்குள் சுரங்கத்துக்கு இறங்குகிற ஒரு பழைய குழி, ஷாப்ட் என்போம். அதன் வாயைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். மூடியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மூடியதுமேல் ஆடு படுத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் திசையில் அவள் பாய் திரும்பும்போதெல்லாம், நான் கோல் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

நான் நேராக வேண்டாம் என்று சொல்கிற அப்பன் இல்லை. அதற்குத் தைரியம் வேண்டும். வேறு வழியில் யோசித்தேன். டோக்கன் போர்டு வைத்தேன்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்தில் ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள், மேலே வந்ததும் அதை ஆணியில் மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் பூமிக்கடியில் பாறை வெடித்து வீடெல்லாம் ஆடியது. ஏர் பிளாஸ்ட் என்பார்கள். தெருவே ஷாப்டை நோக்கி ஓடியது. ஒவ்வொருவராக மேலே வந்து டோக்கனை மாட்டினார்கள். அப்பாவின் ஆணி மட்டும் காலி. அவர் உள்ளேயே நடந்து பக்கத்து ஷாப்ட் வழியாக ஏறி வந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு, மறுபக்கமாக வீட்டுக்குப் போய் எங்களைக் காணோம் என்று உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் அவர் பையிலேயே இருந்தது. அம்மா பொழுது சாய்கிறவரை அந்தக் காலி ஆணியைப் பார்த்தபடி நின்றாள். அதற்குப் பிறகு அப்பா உயிரோடு இருந்த வரையில் அந்த டீயைப் பற்றி அம்மா பேசாத வாரம் கிடையாது. அன்று முதல் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு போர்டு. வெளியே போகிறவர் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்தால் மாட்ட வேண்டும். பொழுது சாய்ந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால் மற்றவர்கள் கலையக் கூடாது. அப்பாவின் பித்தளை டோக்கன் இப்போது என்னுடையது.

இதே சட்டத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்தேன். கோல் கம்பத்தில் ஒரு பலகை, அதில் ஆணிகள், வண்டி ஏறுகிறவர் டோக்கன் எடுக்க வேண்டும். மகளும் அவளோடு வரும் இரண்டு காலேஜ் சிநேகிதிகளும் வெட்கப்பட்டு வண்டியையே விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. அவர்களோ "சக்கத்தா இருக்கு அங்கிள்" என்று பாராட்டி, தங்கள் டோக்கன்களுக்கு நெயில் பாலிஷ் அடித்துக்கொண்டார்கள். மச்சான் தகரத்தில் இன்னும் நாலு டோக்கன் வெட்டிக் கொடுத்தார், ஆள் சேர்ந்தால் வேண்டியிருக்குமாம்.

அப்புறம்தான் அந்த ஃபாரம் வந்தது. டிசம்பர் மாதம் குஜராத் பக்கம் காய்ந்த உப்புத் தரையில் இந்த மாதிரி வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள். காலேஜ் பி.டி. மேடம் மூன்று பெண்களையும் அழைத்துப்போகச் சம்மதித்துவிட்டார். பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பிரியாணியில் கை வைத்தபோது தட்டுக்குப் பக்கத்தில் ஃபாரத்தை வைத்தாள். நாளை விட்டு அடுத்த திங்கள் கடைசி நாள்.

நான் முதலில் படித்தது, காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்கிற பத்தி. இரண்டாவது, மூன்றாவது முறை படித்ததும் அதே பத்திதான். இரண்டு ராத்திரி ரயில், தெரியாத ஊர், உப்பு, காற்று, கையை விடத் தெரியாத யாராவது ஒருவன் எதிரே வந்து மோதுவது. எல்லாம் ஒரு கவளம் சோற்றுக்குள் கண்முன் வந்து போனது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் உலகத்திலேயே நான்தான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு இப்படிச் சொன்னேன்:

"நான் ஒரு வாட்டி அதுமேல ஏறி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பாக்கறேன். அப்பால கையெழுத்து."

நான் ஏறவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஏறாத வரைக்கும் கையெழுத்தும் இல்லை. ஆனால் அவள் பிரியாணியை விட்டு எழுந்து கையைக் கழுவினாள், போனை எடுத்தாள். "மாமா, சனிக்கிழமை டாடி வண்டி ஏறாரு."

என் மனைவி தயிர்ப் பச்சடியை என் பக்கம் தள்ளி, "இன்னாங்க, நல்லா சாப்டுங்க" என்றாள். கடைசிச் சாப்பாடு போடுகிற குரல்.

அந்த வாரம் நான் செய்யாத ஜெபம் இல்லை. காற்று நிற்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை, மழை பெய்ய வேண்டும் என்று புதன்கிழமை, லேசாகக் காய்ச்சல் வந்தால் போதும் என்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை கொடியில் துணி படுத்த வாக்கில் பறந்தது. சனிக்கிழமை காலை ராபர்ட்சன்பேட்டை மெடிக்கல் ஸ்டோரில் பிரஷர் பார்த்தேன். கடைக்காரர் ஏதாவது டென்ஷனா சார் என்று கேட்டார். காற்று அடிக்கிறது என்றேன். அவர் எல்லோருக்கும்தான் அடிக்கிறது என்று சொல்லி, அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைசி நேரத்தில் நீட்டலாம் என்று ஒரு நம்பிக்கை.

சாயங்காலம் நாலரைக்கு மைதானத்தில் நின்றேன். மனைவி சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விட்டாள், பார்க்க மனசில்லை என்றாள். எனக்கு ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம், மச்சானுடைய தோல் கையுறை, காலுக்கு ஆபீஸ் போகிற பழைய பேண்ட்.

"இன்னா மாப்ளே, வண்டி ஓட்டப் போறீங்களா, வெல்டிங் பண்ணப் போறீங்களா?" என்றார் மச்சான்.

ஷூ லேஸைக் கட்டினேன். அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிரஷர் சீட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெடிக்கல்காரன் கையெழுத்து நல்லா இருக்கிறது என்று சொல்லி என் பையிலேயே வைத்தார். வீடியோ எடுக்க வேண்டுமென்று மகள் என் போனை வாங்கிக்கொண்டாள். அவள் போனில் இடம் இல்லையாம். பிறகு, நான் வந்ததும் போர்டில் மாட்டியிருந்த தாத்தாவின் பித்தளை டோக்கனைக் கழற்றி, என் பேண்ட் பையில் போட்டு, பையை வெளியிலிருந்து தட்டினாள்.

"டாடி, ஒண்ணே ஒண்ணுதான். பயமா இருந்தா கையை விட்டுடுங்க."

"பயமே இல்லையேம்மா" என்றேன். பாதி சொல்லும்போதே பாயில் காற்று நிறைந்துவிட்டது.

அந்த உள்ளங்கை திடீரென்று உப்பியது. யாரோ தோளைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நகர்ந்தது. முதல் பத்தடிக்கு எனக்கே ஆச்சரியம். சக்கரம் சத்தமில்லாமல் உருள்கிறது, தரை பின்னால் போகிறது, நான் நிற்கிறேன். என் மனைவி ஏன் வரவில்லை என்று ஒரு கணம் வருத்தப்பட்டேன். அடுத்த கணம் வேகம் கூடியது. மெதுவாக என்று சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வேகம் கூடியதால் பயந்தேன், பயந்ததால் கம்பியை மார்போடு இழுத்துக்கொண்டேன், இழுத்துக்கொண்டதால் பாய் இன்னும் காற்றைப் பிடித்தது, அதனால் வேகம் இன்னும் கூடியது. வண்டிக்கும் எனக்கும் நடுவே இப்படி ஒரு புரிதல். பக்கத்தில் மகள் ஓடி வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. "கையை விடுங்க டாடி" என்கிறாள். கேட்கிறது. என் தலைக்கும் கேட்கிறது. கைக்கு மட்டும் கேட்கவில்லை. பத்து விரலும் அன்றைக்கு எனக்குச் சொந்தமாக இல்லை.

அப்போது சைனைடு மேட்டிலிருந்து தூசி வந்தது. வழக்கமாக ஜன்னலைச் சாத்தி உள்ளேயிருந்து பார்க்கிற அந்தச் சாம்பல் சுவர் நேராக மைதானத்துக்குள் நடந்து வந்தது. மகள் மறைந்தாள், கோல் கம்பம் மறைந்தது, என் முழங்கால் கவசம்கூட மறைந்தது. காற்று கிழக்கே அடிக்கிறது என்பது தெரியும். கிழக்கே வேலி, வேலிக்குள் ஷாப்ட். எனக்கு அந்த நேரத்தில் கான்கிரீட்டும் ஞாபகம் வரவில்லை, ஆடும் ஞாபகம் வரவில்லை. உடம்பு முழுவதையும் மேற்கே முறுக்கினேன். அப்படி முறுக்கினால் வண்டி திரும்பும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திரும்பியது. அரை வட்டம் அடித்து, தரை காலுக்குக் கீழே சரிந்து, வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக உண்ணிச்செடிக்குள் விழுந்தோம். கம்பியை அப்போதும் விடவில்லை. அது பாயிலிருந்து கழன்று என் கையோடு வந்திருந்தது.

படுத்தபடியே விரல்களை எண்ணினேன். பத்து. கால்களை அசைத்தேன். அசைந்தன. எழுந்து நின்றபோதுதான் பின்னால் குளிர்ந்தது. பேண்ட் இடுப்பிலிருந்து தொடை வரை கிழிந்து, ஆபீஸ் பேண்ட் என்கிற மரியாதையையே இழந்திருந்தது.

இங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மேலே மைதானத்தில் மகளின் சிநேகிதிகள் இருக்கிறார்கள், கையில் போன் இருக்கிறது. இந்தக் கோலத்தில் சரிவு ஏறிப் போனால் அடுத்த கிறிஸ்துமஸ் மரத்துக்கு மைக் என் கையில் இருக்காது, நான் திரையில் இருப்பேன். சரிவுக்குக் கீழே ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. பத்து நிமிஷம், வீட்டுக்குப் போய் பேண்ட் மாற்றி வந்துவிடலாம். ஹெல்மெட்டையும் கவசங்களையும் புதரிலேயே போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பனியனோடு ஏறினேன். என்ன ஆச்சு என்பதை, ஏன் சார் ஏனாயித்து என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டார். ஃபுட்பால் என்று பதில் சொன்னேன். இந்த வயதிலா என்று அவர் கண்ணாடியில் பார்த்தார்.

வீட்டில் யாரும் இல்லை. பூந்தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன். முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் பூசிய தலையோடு ஒரு வீரன். கோடியிலிருந்து கோடிக்குப் போகவில்லைதான், ஆனால் கோடியைத் தாண்டியே போயிருக்கிறேனே. பேண்ட் மாற்றினேன், தலை சீவினேன். அந்த வீரனுக்கு ஒரு டீ போட்டேன். இரண்டு பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றை நனைத்தபடி கிழிந்த பேண்ட்டின் பையைக் காலி செய்தேன். சீப்பு. பிரஷர் சீட்டு. அப்புறம் விரலில் சில்லென்று பித்தளை.

பிஸ்கெட் டீக்குள் விழுந்தது.

டோக்கன் என் கையில் இருக்கிறது என்றால் அங்கே ஆணி காலி. தூசியில் ஒரு ஆளைக் காணோம், வண்டியையும் காணோம், காற்று அடித்த பக்கம் ஷாப்ட். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் என்று கிளம்பியவன் அரை மணி ஆக்கியிருந்தேன். அப்பா செய்த அதே காரியம். அதே டோக்கன். டீ உட்பட.

கதவைப் பூட்டினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் இழுத்துப் பார்க்காமல் விட்ட ஒரே பூட்டு அதுதான். தெருவில் ஆட்டோ இல்லை. ஓடினேன். நடக்கும்போதே மூச்சு வாங்குகிறவன் மைசூர் மைன்ஸ் வரைக்கும் ஓடினேன். வழியில் சபைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார், ஏதோ புது வேடிக்கை என்று நினைத்திருப்பார். அத்தனை வருடமாக நான் பயந்ததெல்லாம் எனக்கு என்ன ஆகும், அவளுக்கு என்ன ஆகும் என்றுதான். நான் இன்னொருவரைப் பயமுறுத்துகிற ஆளாக ஆவேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மைதானத்தில் தூசி அடங்கியிருந்தது. முதலில் தெரிந்தது மச்சான். எதற்கும் அசையாத அந்த மனுஷன் முள்வேலிக்குள் நுழைந்து, ஷாப்டின் கான்கிரீட்மேல் முழங்கால் போட்டு, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் முள் கிழித்த கோடு. சிநேகிதிகள் இருவரும் வேலி ஓரமாக நடந்தபடி அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் காற்று அடித்த திசையிலேயே தேடியிருக்கிறார்கள். என்னை மாதிரி மேற்கே முறுக்கிக்கொள்கிற ஒருவன் இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்.

மகள் தேடப் போகவில்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போர்டைப் பார்த்தபடி நின்றாள். காலி ஆணியின்மேல் ஒரு விரல். நான் சொல்லிக்கொடுத்த சட்டம்தான், ஆணி காலியாக இருந்தால் கலையக் கூடாது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். இஸ்திரி போட்ட பேண்ட், சீவிய தலை, மீசையில் பிஸ்கெட் தூள்.

"டோக்கன்" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். அவள் மாட்டப் பார்த்தாள், துளை ஆணியில் நுழையவில்லை. இரண்டாவது முறையும் நுழையவில்லை. அந்தத் தடுமாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், என் கையில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை மாட்டினாள். மாட்டிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

"நாப்பது நிமிஷம் டாடி."

எனக்கு எப்போதும் எதற்கும் ஒரு ஜோக் வரும். சாவு வீட்டிலேயே வந்து, அடக்க முடியாமல் வெளியே போய் நின்றிருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை. பேண்ட் கிழிந்துபோச்சு என்றேன், உண்மைதான், ஆனாலும் அது மோசமாக ஒலித்தது.

"உங்க போன் என் கையிலதானே இருக்கு. யார் போனையாவது வாங்கி உங்க நம்பருக்கே அடிச்சிருக்கலாமே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்டோ டிரைவரிடம் போன் இருந்தது. பக்கத்து வீட்டில் மூன்று போன் இருக்கிறது. ஊரிலேயே எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையதுதான். இவ்வளவும் தெரிந்தவன் ஓடி வந்திருக்கிறேன்.

மச்சான் வேலியிலிருந்து வெளியே வந்து முழங்காலைத் தட்டினார். என்னைத் தொட்டுப் பார்த்தார், தோள், முழங்கை, பிடரி. பிறகு, "டீ குடிச்சீங்களா மாப்ளே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தேடப் புதருக்குப் போனார். அவர் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரைக்கும். திட்டியிருந்தால் தேவலை.

மகள் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். போர்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் வண்டி ஏறும்போதெல்லாம் உங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?"

"நீ ரோடு தாண்டும்போதே அப்படித்தான்" என்றேன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கொஞ்சம் கம்மி."

சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கோடிக்குக் கோடி நான் போகவில்லை என்பதால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பேச்சு பேச்சுதான் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், என்னை மடக்குவதற்காக இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தில் அவளுக்கு உப்புத் தரைமேல் இருந்த ஆசையில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது, அதைக் குறைத்தவன் நான். இத்தனை வாரமாக டோக்கன், போர்டு, நிபந்தனை என்று நான் சாதிக்கப் பார்த்தது இதைத்தான். கிடைத்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால், எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

ஃபாரம் எங்கே என்று கேட்டேன். பைக்குள் இருந்தது. போர்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கை ஆடிய ஆட்டத்தில் அதை எந்த பேங்க்கிலும் என் கையெழுத்து என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகு நோட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து ஏதோ எழுதி என் முன்னால் வைத்தாள். இனிமேல் டாடி காத்து வண்டி ஏற வேண்டுமானால் மகளின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும், டோக்கனை மாட்டாமல் டீ குடிக்கக் கூடாது.

"இதுலயும் போடுங்க" என்றாள்.

போட்டேன். இந்த முறை கை ஆடவில்லை.

இது நடந்தது ஆடியில். இப்போது டிசம்பர். அவள் கிளம்பி இன்றோடு நாலு நாள். போகும்போது வாசல் போர்டிலிருந்து தன் டோக்கனைக் கழற்றி, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஆணி காலி. ஆணி காலியாக இருந்தால் மற்றவர்கள் கலையக் கூடாது என்பதை ஆபீசில் சொல்லி லீவு கேட்க முடியாது, காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். மனைவி என்னை வாசலைத் தாண்ட விடுவதில்லை. சட்டம் போட்டது நீங்கதானே என்கிறாள். அவளும் எங்கும் போகவில்லை, பெண்கள் கூட்டத்துக்குக்கூட. வாசல் வழியாகப் போகிறபோதெல்லாம் அந்த ஆணியை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகிறாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இன்று மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் தரை, வேலி இல்லை, கோல் கம்பம் இல்லை. நடுவில் எங்கள் பிரசங்கியாரின் உள்ளங்கை காற்றில் உப்பி நிற்கிறது, அதன் நிழலில் அவள் சாய்ந்திருக்கிறாள். மனைவி போட்டோவைப் பெரிதாக்கி, முகம் இளைத்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் அவள் கையைப் பெரிதாக்கினேன். கம்பியை எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு விரல். ஒவ்வொரு கையிலும் இரண்டே இரண்டு விரலால் கொக்கி போட்ட மாதிரி தொட்டுக்கொண்டிருக்கிறாள், மற்றதெல்லாம் காற்றில் விரிந்திருக்கிறது.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். மனைவி வந்து, "விடுங்க, உடைஞ்சுடப் போவுது" என்று ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.